பதினைந்து வருட நிரந்தரம்

ஒன்பது வருடத்தில் நான்கு குடைகள்.
கடைசிக் குடை ஆகஸ்ட் புயலில்
மேசையோடு கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து
லொரேனின் கோழிக்கூண்டின் மேல்
தலைகீழாய் உட்கார்ந்தது.
மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது
உள்ளே ஆறு முட்டை வைத்திருந்தாள்.
அனுதாபமாம்.

"இனி நிரந்தரமாக ஏதாவது" என்றார் டெஸ்மண்ட்.
ஹோகிடிக்காவில் வானம்
பாதி வருடம் எங்கள் மரத்தளத்தில்தான் குடியிருக்கிறது.
முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
முப்பத்தொரு வருடம்
மரம் அறுக்கும் ஆலை
அவர் காதிலும் பல் பதித்துவிட்டிருந்தது.

காஹு வந்தான்.
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டைக் காலுறையோடு
தளத்தை அளந்தான்.
நாலரை மீட்டர், மூன்றே கால்.
கண்ணாடி என்றான்,
விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான்.
பொத்தானை அமுக்கினால்
இமைபோலத் திறந்து மூடும் அலுமினியப் பட்டைகள் என்றான்.
மோட்டார் கெட்டால்?
நான் வருவேன்.
துணி மட்டும் வேண்டாம் என்று
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
இந்தத் திருமணத்தில் அது அபூர்வம்.

மூன்று துண்டுகளை மேசையில் விட்டுப் போனான்:
பால்நிறப் பாலிகார்பனேட்,
அதிலேயே தெளிந்தது ஒன்று,
நெளிநெளியாய் ஒரு சாம்பல் தகரம்.
கூடவே ஒரு தாள். பதினைந்து வருட உத்தரவாதம்.
டெஸ்மண்டுக்கு எழுபத்து நான்கு,
எனக்கு இரண்டு குறைவு.
தாளை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.
"யார் முதலில் காலாவதி என்று போடவில்லையே" என்றார்.

எனக்குத் தெளிந்ததுதான் வேண்டும்.
அக்டோபரில் வடக்கே மேலேறும் சூரியன்
பகல் ஒரு மணிக்குச் சமையலறை ஜன்னலில் இறங்கி
பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கை விடும்.
இருபது நிமிடம்.
அதற்காகவே காலைத் தட்டுகளை
கழுவாமல் வைத்திருக்கிறேன், எத்தனையோ வருடமாய்.
யாரிடமும் சொன்னதில்லை.
சோம்பேறி என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

அவருக்குத் தகரம்.
ஏன் என்றால், மலிவு என்றார்.

வியாழன் இரவு மழை பிடித்துக்கொண்டது.
படுக்கையில் அவர் பக்கம் ஆறிக் கிடந்தது.
வெளியே, தளத்தில், வெறுங்காலோடு,
பைஜாமாவின் மேல் மழைக்கோட்டு,
காதுக் கருவி கழற்றிய தலைக்கு மேல்
அந்த ஒரு முழத் தகரத்தை
இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார்.
படபடபடவென்று அதன்மேல் மழை.
வானொலியில் தன் பெயரைச் சொல்லக் கேட்டவர்போல
இருந்தது முகம்.
என்னைப் பார்த்ததும், தேவைக்கு மேல் உரக்க,
"கேட்குது, கிளெனிஸ்."

காலையில் காஹுவை அழைத்துச் சொன்னேன்: தகரம்.
ஆனால் ஒரே ஒரு தகடு மட்டும் தெளிந்தது.
எந்த இடத்தில் என்றான்.
பொறு என்றேன்.
சாக்குக்கட்டியும் நூலுமாய் மூன்று நாள்
வெளிச்சம் வரும் வழியைத் தளத்தில் கோடிட்டேன்.
இரண்டு நாள் மேகம்.
மூன்றாம் நாள் கோட்டை நம்பித்தான் எல்லாம்.
இரண்டு வேறு பொருள் சேரும் இடம்
எப்படியும் ஒழுகும் என்று எச்சரித்தான்,
எங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னானோ என்னவோ.

ஒழுகுகிறது.
மழை விட்ட பின்னும் அந்த மூட்டிலிருந்து
ஒரு சொட்டு,
கொஞ்சம் யோசித்து
இன்னொன்று.
கீழே எனாமல் கிண்ணம் வைத்திருக்கிறேன்.
தகரத்தின் ஆரவாரம் அடங்கினால்
டெஸ்மண்டுக்கு எல்லாம் திரும்ப மூடிக்கொள்ளும்.
அப்போது பேசாமல் கையை நீட்டுவார்.
கிண்ணத்தில் விழ விழ
அவர் புறங்கையில்
விரலால் தட்டிக்கொண்டிருப்பேன்.

பசைக்குழாயோடு வருவதாகக் காஹு சொல்லி
இரண்டு வாரமாயிற்று.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.